கரண்டிக்குப் பதில் மெழுகுவர்த்தி

பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த அட்டைக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் மருந்துக்கடை, கொஞ்சம் புதுப் பாடப்புத்தகம். டிசம்பர் மாதத்துத் தாம்பரத்தில், விடாமல் தூறும் மழையில், சுவரெல்லாம் ஓதம் ஏறியிருக்கும் வீட்டில், அந்த மை லேசில் காயாது. சாப்பாட்டு மேசை, கட்டில், ஃபிரிட்ஜின் தலை, தையல் மிஷின் என்று கிடைத்த இடத்திலெல்லாம் அட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டு, பறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுமே என்ற பயத்தில் மின்விசிறியைக்கூடப் போடாமல், அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் காவல் இருப்போம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "வடாம் காயப்போடுவது".

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பது எங்கள் சேலையூர்ப் பக்கத்தில் அன்றைக்கு விளையாட்டுக் காரியமல்ல. கூடத்தில் சன்னல் கம்பியிலிருந்து அலமாரி ஆணி வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டி, வந்த அட்டைகளையெல்லாம் அதில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அந்தக் கயிற்றைத்தான் பார்ப்பார்கள். யாரிடமிருந்து வந்திருக்கிறது, யாரிடமிருந்து வரவில்லை என்று ஒரே பார்வையில் படித்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நம் குடும்ப நிலவரம் முழுவதையும் தெரிந்துகொண்டுவிடுவார்கள். யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. அம்மா பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர், ஆகவே பட்டியலும் ஒரு பழைய வருகைப் பதிவேட்டில்தான் இருந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து அட்டை அனுப்பாதவர்களின் பெயர்மேல் மூன்றாம் வருஷம் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அம்மா போட்ட கோட்டை அழித்தவர் யாருமில்லை.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே ஒரு பெயர் கோடு வாங்கியது. அது பிரேமா சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

சித்தி ஆறு வருஷம் எங்களோடுதான் இருந்தாள். எனக்குத் தலை பின்னியது, சைக்கிள் பழக்கியது, பல் விழுந்தபோது கூரைமேல் எறிந்தது எல்லாம் அவள்தான். கிண்டிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தவள், கூட வேலை பார்த்த முரளி என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அஸ்தினாபுரத்துக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை இந்து என்பதால்தான் ஜெயா டீச்சர் தங்கையோடு பேசுவதில்லை என்று சர்ச்சில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அம்மாவுக்கு வலித்தது வேறு இடத்தில். தங்கையின் கல்யாணச் சேதி அம்மாவுக்குக் காய்கறி வண்டிக்காரம்மா மூலமாகத்தான் தெரிந்தது. அம்மா கோபப்படுவாளோ என்று பயந்து சித்தி நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருக்கிறாள், அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. "ஆறு வருஷம் ஒரே ரூம்ல படுத்துக் கிடந்தவ. எங்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணல பாருங்க" என்று அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு சித்தியின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. தாம்பரத்துக்கும் அஸ்தினாபுரத்துக்கும் நடுவில் நாலைந்து பஸ் நிறுத்தம்தான். எனக்கென்னவோ அது வேறு நாடு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வருஷம்தான் அப்பா கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே ஒரு பிரிண்டர், ஒரு யுபிஎஸ், படங்களை வெட்டி ஒட்டித் திருத்தும் மென்பொருள் இருந்த ஒரு சிடி. வாங்கியதற்கு ஏதாவது நியாயம் காட்ட வேண்டுமே. "இந்த வருஷம் கார்டு கடையில வாங்க வேணாம், நம்ம வீட்டுலயே அடிச்சிடலாம், நம்ம போட்டோ போட்டு" என்று அறிவித்தார். அம்மா நோட்டுத் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அடிங்க. ஆனா ஒரு தப்பு இருக்கக் கூடாது. நாப்பது வீட்டுக்குப் போறது" என்றாள்.

தப்பு இல்லாமல் முதல் அட்டை வரவில்லை. அட்டையின் ஒரு பக்கம் படம் அடித்து, காயவைத்து, திருப்பிப் போட்டு உட்பக்கத்தில் வாழ்த்து அடித்து, இரண்டாக மடிக்க வேண்டும். மடித்துப் பார்த்தால் வெளியே மாட்டுத் தொழுவம் நேராக இருந்தது, உள்ளே வாழ்த்து தலைகீழாக நின்றது. அப்பா அசரவில்லை. அட்டையைத் தலைகீழாகப் பிடித்து வாழ்த்தை வாசித்து, "படிக்க முடியுதே!" என்றார். அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து அட்டை முழுக்கக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அடுத்த நாள் நீல மை தீர்ந்துபோய்த் தொழுவத்தில் இருந்த மூன்று பேருக்கும் மஞ்சள் காமாலை வந்தது. அதற்கும் ஒரு கோடு. இப்படி ஏழெட்டுக் கோடு வாங்கிய பிறகு அந்த மென்பொருளின் சூட்சுமம் எனக்கு மெல்லப் பிடிபட்டது. அப்பா ஓரம் அளப்பதோடு நிறுத்திக்கொண்டார், மற்றதெல்லாம் என் பொறுப்பு.

குடும்பப் படத்தை மொட்டைமாடியில், கட்டிவைத்திருந்த காகித நட்சத்திரத்துக்குக் கீழே எடுத்தோம். எடுத்தது எதிர்வீட்டுக் குமார் அண்ணா. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே கத்தினார்: "அக்கா, இன்னாத்துக்கு அந்தாண்ட இவ்ளோ எடம் வுட்டுகினு நிக்கிறீங்க? எல்லாரும் நடுவால வந்து நில்லுங்க!" அம்மா நகர்ந்தாள். படம் வந்தபோது பார்த்தால் நகரவில்லை. வலது ஓரத்தில் அப்பா, அவரை ஒட்டி நான், எனக்கு அடுத்து அம்மா, அம்மாவுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் யார் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தை நான் விரலால் மூடி மூடிப் பார்த்தேன்.

கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் அந்தப் படத்தை ஸ்கேன் செய்யப் போனபோது, ஆல்பத்திலிருந்து உருவிய இன்னொரு படத்தையும் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போனேன். முந்திய வருஷம் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லி நடந்த அறுப்பின் பண்டிகையில் சித்தி பிரியாணி ஸ்டாலில் நிற்கிற படம். பச்சைச் சேலை, சுருட்டை முடி, வாயெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு பெரிய கரண்டி.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில், தூசி அடைத்துத் திக்கித் திக்கி ஓடும் மவுஸை வைத்துக்கொண்டு, சித்தியின் சுருட்டை முடியை ஒவ்வொரு வளைவாகச் சுற்றி வந்து வெட்டினேன். முதல் தடவை ஒரு காது போயிற்று. இரண்டாம் தடவை முழுதாக வந்தாள், ஆனால் எங்கள் மொட்டைமாடியில் கொண்டுவந்து வைத்தால் அப்பாவைவிட ஒன்றரை மடங்கு பெரியவளாக இருந்தாள். சுருக்கினேன். இடுப்புக்குக் கீழே ஸ்டாலின் மேசை மறைத்திருந்ததால் சித்திக்குக் கால் இல்லை. மாடியில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை நகலெடுத்து அவள் முன்னால் வைத்தேன். கடைசியில் அந்தக் கரண்டி. கிறிஸ்துமஸ் அட்டையில் கரண்டியோடு எப்படி நிற்பது? கரண்டியை அழித்துவிட்டு, வேறொரு வாழ்த்து அட்டையிலிருந்து எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன்.

இதை யாருக்கும் காட்டுகிற எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. அந்த மென்பொருளில் படத்தை அடுக்கடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று கண்ணாடித்தாள் வைப்பதுபோல வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் இருக்கும். கண்ணை அழுத்தினால் அந்த அடுக்கு மறையும், மறுபடி அழுத்தினால் தெரியும். சித்தியும் அவளுடைய குரோட்டன்ஸ் தொட்டியும் ஓர் அடுக்கில் இருந்தார்கள். வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிவிடுவேன். மறுநாள் மூன்றே முக்காலுக்குத் திறப்பேன். சொல்ல இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது, அவளிடம் அன்றைக்கு வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

அட்டை அடிக்கிற சனிக்கிழமை வந்தது. எனக்குச் சர்ச்சில் பகல் முழுக்கப் பாட்டுப் பயிற்சி. கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று கண்ணைத் திறந்தேன். அதே நேரத்தில் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் கீய்ங் கீய்ங் என்று கத்த ஆரம்பித்தது. அது அதிகம் போனால் ஐந்து நிமிஷம் தாங்கும். சமையலறையிலிருந்து அம்மா, "எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ணுடி!" என்று கத்தினாள். சேவ் பண்ணினேன், ஆஃப் பண்ணினேன், குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பயிற்சி முடிந்து வந்தபோது வீடு சுத்தமாக இருந்தது. கரண்ட் வந்ததும் அப்பா ஒவ்வோர் அட்டையாக ஊட்டி நாற்பதையும் அடித்து முடித்திருந்தார். அம்மா மடித்து, உறையில் போட்டு, முகவரி எழுதி ஒட்டியிருந்தாள். அப்பா சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துத் தபால் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டும் வந்துவிட்டார். வடாம் காயப்போட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. குப்பைக்கூடையில் மை இழுகிப்போன ஓர் அட்டை மட்டும் சுருண்டு கிடந்தது. விரித்துப் பார்த்தேன். மெழுகுவர்த்தியோடு சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது வீடு! மாடியில் நட்சத்திரத்துக்கு விளக்கு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தச் சுருண்ட அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் ஓரம் சரியா இருக்கான்னுதாம்மா பாத்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா பாத்திருப்பாளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்திருந்தா இந்நேரம் வீடு ரெண்டாயிருக்கும். அட்ரஸ் எழுதற அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டா. நீயும் வாய தொறக்காத, நானும் தொறக்கல" என்றார். அன்று மாலை எங்கள் கயிற்றில் தொங்கவிட ஓர் அட்டை இல்லை என்பதை மட்டும் பயந்து பயந்து அம்மாவிடம் கேட்டேன். பட்டியலில் இருந்தது முப்பத்தொன்பது பேர், நாற்பதாவது எங்களுக்கு என்பதுதான் ஏற்பாடு. "ஒண்ணு கெட்டுப்போச்சு" என்றாள் அம்மா. நான் குப்பைக்கூடையில் பார்த்ததைத்தான் சொல்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது எஸ்தர் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்கள். எஸ்தர் ஆன்ட்டிக்கு ஒரு சேதி தெரிந்தால் பெருங்களத்தூர் வரைக்கும் தபால்காரர் தேவையில்லை. "என்ன டீச்சர், பிரேமா வந்துட்டாளாமே! கார்டு கெடச்சுது. எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா! கையில மெழுகுவர்த்தியோட, அப்படியே அழகா நிக்கிறா!" என்றார்கள். பக்கத்தில் இருந்த நாலு பேரும் "ஆமா, ஆமா" என்று சேர்ந்துகொண்டார்கள். அப்பா தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். நான் அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா என்ன சொல்லப்போகிறாள்? இல்லை என்று சொன்னால் நாற்பது வீட்டுக்குப் பொய் அட்டை அனுப்பியதாக ஆகும். ஆமாம் என்று சொன்னால் சித்தி எங்கே என்று கேட்பார்கள்.

அம்மா பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "கிறிஸ்மஸுக்கு வருவா" என்றாள்.

மானம் போகக் கூடாதென்று அம்மா அப்படிச் சொல்லிவிட்டாள், வீட்டுக்குப் போனதும் எனக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். கேட்டைத் திறக்கும்போது அம்மா திரும்பினாள். "அவ முந்தானை ஒரு பக்கம் பறக்குது, மெழுகுவர்த்தி நெருப்பு இன்னொரு பக்கம் சாயுது. ஒரே காத்துல ரெண்டும் எப்படிடி எதிரெதிரா போகும்? நான்தான் உனக்கு சயின்ஸ் எடுக்கறேன்னு வெளிய சொல்லிராத" என்றாள். அவ்வளவுதான் திட்டு. சர்ச்சில் யாரோ அட்டையைக் காட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு பிசைந்தபோது அளவு எப்போதையும்விடக் கூடுதலாக இருந்தது. அதையும் பார்த்தேன், கேட்க மட்டும் தைரியம் வரவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க எனக்குப் பயம்தான் கூடியது. சித்தி வராவிட்டால் ஊர் முழுக்க அம்மாவைப் பார்த்துச் சிரிக்குமே, அதுவும் என்னால் அல்லவா என்று சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், பிரியாணி தம்மில் இருக்கும்போது, வாசலில் ஆட்டோ நின்றது. அதே பச்சைச் சேலையில் சித்தி இறங்கினாள். பின்னால் கேக் பெட்டியோடு, நெற்றியில் வியர்வையோடு, முரளி சித்தப்பா. சித்தி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். கையில் எங்கள் அட்டை. நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அம்மா வாசலுக்கு வந்தாள். யார் முதலில் பேசுவது என்பதில் அந்த வீட்டுப் பெண்களுக்கு இருக்கிற பிடிவாதம் எனக்குத் தெரியும், நானும் அந்த வீட்டுப் பெண்தானே. சித்தி கடைசியில் என் பக்கம் திரும்பி, அட்டையைத் தூக்கிக் காட்டி, உடைந்துபோன குரலில், "ஏண்டி, என் பிரியாணிக் கரண்டி எங்கடி?" என்று கேட்டாள்.

அம்மாதான் பதில் சொன்னாள்.

"உள்ள இருக்கு. வந்து எடுத்துப் பரிமாறு. எல்லாரும் பசியா இருக்காங்க."

சித்தி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சொல்லியிருக்கணும்க்கா, முதல்ல ஒங்கிட்டதான் சொல்லியிருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா, "சரி, சரி, பிரியாணி அடிப்புடிக்கப் போவுது" என்று மூக்கை உறிஞ்சினாள். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கை குலுக்கினார்கள், பிறகு இன்னொரு தடவையும் குலுக்கினார்கள். நான் மாடிக்குப் போய்க் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அத்தனை சந்தோஷமாக நான் அதற்குப் பிறகும் அதிகம் அழுததில்லை.

அடுத்த வருஷத்து அட்டையில் எந்த அடுக்கும் தேவைப்படவில்லை. குமார் அண்ணாதான் அதையும் எடுத்தார். இந்தத் தடவை எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கத்தினார்.

இன்றைக்கு அந்தப் பிரிண்டர் இல்லை, யுபிஎஸ்ஸின் கீய்ங் சத்தம் இல்லை. சேலையூர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மாடி எழும்பிவிட்டது. நைலான் கயிறு போய் அலமாரி ஆணி மட்டும் மிச்சம், அதில் இப்போது சாவி தொங்குகிறது. டிசம்பர் இருபத்து நாலாம் தேதி கைபேசியில் இருநூறு வாழ்த்து வந்து விழுகிறது, எல்லாவற்றிலும் ஒரே மணி, ஒரே பனிமனிதன். யார் அனுப்பவில்லை என்று கயிற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க இனி எஸ்தர் ஆன்ட்டியாலும் முடியாது. என் மகள் கைபேசியில் ஒரு விரலால் தொட்டு ஆளைப் படத்திலிருந்து எடுக்கிறாள், சேர்க்கிறாள். ஒரு காதும் போவதில்லை. எனக்கு அவள்மேல் லேசான பொறாமைதான்.

போன மாதம் சித்தி அஸ்தினாபுரத்திலிருந்து பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து அடுக்ககத்துக்கு வீடு மாறினாள். சாமான் ஒழிக்க அம்மாவும் நானும் போயிருந்தோம். சேலைப் பெட்டியின் அடியில் அந்த அட்டை இருந்தது, மை சற்று வெளுத்து, மெழுகுவர்த்தி அப்படியே தப்பான பக்கம் சாய்ந்துகொண்டு. அது வெறும் அட்டையாக இல்லை, உறையோடு இருந்தது. உறையில் தபால் முத்திரை. அஸ்தினாபுரம் முகவரி, அம்மாவின் முத்து முத்தான கையெழுத்தில். அட்டையைத் திறந்தேன். மற்ற அட்டைகளிலெல்லாம் "ஜெயா குடும்பத்தினர்" என்று கையெழுத்துப் போடுவாள். இதில் வாழ்த்துக்குக் கீழே ஒரே சொல்தான் இருந்தது. அக்கா.

இத்தனை வருஷமும் சர்ச்சில் யாரோ சித்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்த அட்டை என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! கெட்டுப்போனதாக அம்மா சொன்ன நாற்பதாவது அட்டை இதுதான், குப்பைக்கூடையில் கிடந்தது கணக்கில் சேராத நாற்பத்தொன்றாவது. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன். "அம்மா, நீ அன்னிக்கே பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உறையைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு அம்பது நோட்டு திருத்தறவ நான். நாப்பது கார்டையும் இந்தக் கையாலதான் மடிச்சேன். நாப்பது தடவ எந் தங்கச்சி மூஞ்சிய பாத்துட்டு எனக்குத் தெரியாமப் போயிருமா?" என்றாள்.

"அப்ப ஏம்மா ஒண்ணுலகூட கோடு போடல?"

"தப்பா இருந்தாத்தானே போடுவேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே சித்தி, அந்தப் பிரியாணிக் கரண்டியை எந்தப் பெட்டியில் வைத்தீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தாள்.